அளவுக்கல் இல்லாத பக்கம்

மேகம் விலகிவிட்டது. எட்டு நாளாகத் தீவின்மேல் ஈரக் கம்பளி மாதிரிக் கிடந்த மேகம், ஆண்டின் மிக நீண்ட பகலான இந்த ஒரு நாளில், யாரோ ஒரு முனையைப் பிடித்து உருவியதுபோலக் கடலுக்கு அப்பால் போய்விட்டது; எட்டடி உயர நிழற்கம்பத்தின் காலடியில் ஒரு நிழல் பிறந்து மேற்கே நீண்டது. கெங் லியான் அதன் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். உச்சிப்பொழுதுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. நிழல் சரியாக மேற்கே இல்லை, கொஞ்சம் தெற்கே சாய்ந்திருந்தது. இருக்கட்டும். கோடைக் காலையில் எங்கேயும் அப்படித்தான், சுங் தலைநகரான லின்ஆனின் வானாய்வு முற்றத்திலும் விடிந்ததும் தெற்கே சாய்ந்துதான் கிடக்கும், பிறகு தவறை உணர்ந்ததுபோல மேற்குக் கோட்டைத் தாண்டி வடக்கே திரும்பும், உச்சியில் நேர் வடக்காக அடங்கிப்போகும். முப்பது ஆண்டுகளாகப் பார்த்த திரும்பல். தாண்டட்டும். காத்திருப்பதுதான் இந்த வேலை, மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். கம்பத்தின் அடியிலிருந்து வடக்கே அளவுக்கல் போயிருந்தது, பன்னிரண்டடி நீளம், ஒவ்வோர் அடியும் பத்து விரலாக, ஒவ்வொரு விரலும் பத்து நெல்லாகக் கோடு வெட்டிய கல், ஓரங்களில் மட்டம் பார்க்கத் தண்ணீர் ஓடும் இரண்டு வாய்க்கால். அதைப் பெருநிலத்திலிருந்து கப்பலில் ஏற்றிவந்து, ஆறு பேர் மழையில் வழுக்கி வழுக்கி மேட்டுக்குத் தூக்கி, சுண்ணாம்பு இட்டுப் பதிக்க ஐந்து நாள் பிடித்தது. வானம் தெரியாமலே பதித்த கல். ஒரே ஒரு ராத்திரி, மேகத்தின் கிழிசலில் துருவ நட்சத்திரம் சற்று எட்டிப் பார்த்தபோது நூல் பிடித்து வடக்கைக் குறித்துக்கொண்டார். இங்கே அது எவ்வளவு தாழ்வாக இருந்தது. ஊரில் அண்ணாந்து பார்த்த நட்சத்திரம், இங்கே கடலோரத்து விளக்கு மாதிரி, கை நீட்டினால் நனைந்துவிடும் உயரத்தில். அதைப் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று வானம்தான் முதலில் சொன்னது.

இருபத்தேழு இடங்கள். இதே நாளில், இதே உச்சிப்பொழுதுக்காக, பேரரசெங்கும் இருபத்தேழு பேர் இப்படி ஒரு கம்பத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வடகடலின் ஓரத்தில், கோடையிலும் மூச்சு புகையும் ஊரில், இருட்டு வந்த சுவடு தெரியாமல் மறுபடி விடிந்துவிடுமாம், அங்கே ஒருவர். புல்வெளியில் ஒருவர். மஞ்சள் ஆற்றங்கரையில் ஒருவர். எல்லாருக்கும் தெற்கே, கடைசி ஆளாக, இந்தக் கறுத்த பாறைத் தீவில் அவர். குதிரை முதுகிலே பிறந்து குதிரை முதுகிலே சாகிறவர்கள் என்று லின்ஆனில் ஏளனம் செய்தோமே, அந்த மங்கோலியர்கள்தான் இப்படி ஒன்றை நினைத்துப் பார்த்தார்கள். சுங் பேரரசின் முன்னூறு ஆண்டில் இத்தனை கம்பங்களை ஒரே வெயிலில் நிறுத்தியவர் எவர்? அதை நினைக்கும்போது பெருமையாகவும் இருந்தது, பெருமைப்படுகிறோமே என்று கூச்சமாகவும் இருந்தது, அந்தக் கூச்சத்தின் நடுவில்தான் பெய் எப்போதும்போல வந்து நின்றான். பெய், தம்பி, ஐந்து வயது இளையவன், மரத்தூள் ஒட்டிய புருவத்தோடு. மூன்று ஆண்டுக்கு முன் லின்ஆன் மங்கோலியரிடம் சண்டையில்லாமல் சரணடைந்த வாரத்தில் வாசலில் நின்று கேட்டான். மங்கோலியத் தளபதிகள் நகரத்துக்குள் வந்ததும் முதலில் கேட்டவற்றில் பஞ்சாங்கங்களும் நட்சத்திரப் படங்களும் இருந்தன. அவை இருந்த அறையின் சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் லியான். “இனிமே யாருக்காக அண்ணா நிழலை அளப்பே?” என்றான் பெய். “சூரியன் யாருக்கும் சொந்தமில்லைடா” என்றார் அவர், அது ஒரு நல்ல பதில் என்று நினைத்துக்கொண்டு. “சூரியன் இல்லைதான். நிழல் யாரோடது?” பதில் வருவதற்குள் போய்விட்டான். கப்பல் கட்டும் துறைக்கு, அங்கிருந்து குழந்தைப் பேரரசனைச் சுமந்துகொண்டு கடலோரமாகத் தெற்கே ஓடிய சுங் கப்பற்படைக்கு. தச்சன் எந்தப் பேரரசுக்கும் வேண்டியவன். அந்தக் கப்பல்கள் இந்த ஆண்டு இரண்டாம் மாதத்தில் யாய்மென் வளைகுடாவில் ஒன்றோடொன்று சங்கிலியால் பிணைத்தபடி நின்று, பிணைத்தபடியே தோற்றன. ஏழு நாள் கழித்து லட்சம் உடல்கள் மிதந்ததாகச் சொன்னார்கள். லட்சம் என்பதை அவரால் நினைக்க முடியவில்லை. எண்களோடு வாழ்ந்தவர், அந்த எண்ணில் மட்டும் மனம் வழுக்கியது. ஒன்று என்று மட்டும் நினைக்க முடிந்தது.

அதனால்தான் இந்தத் தீவு. தென்கடலுக்கு யாரும் போக முன்வராதபோது அவர் முன்வந்தார், ஒரே நிபந்தனையோடு. அளவு கையில் கிடைத்ததும் ஒரு வழிச்சீட்டு வேண்டும், தம்பியைத் தேட. சீட்டு எழுதப்பட்டுச் சிவப்பு முத்திரையும் வைத்தாகிவிட்டது. போகவேண்டிய இடம் மட்டும் காலி. அது மங்கோலிய மேற்பார்வையாளர் நெகுதெயின் இடுப்புப் பையில் இருக்கிறது. அளவு தவறினால் அடுத்த கோடைவரை இங்கேயே, அதன் பிறகும் சீட்டு கிடைக்குமோ என்னவோ. ஓராண்டில் கரையொதுங்கிய உடலை எந்த மீனவர் எங்கே புதைத்தார் என்று மீனவருக்கே மறந்துவிடும். போவது யாய்மென்னுக்குத்தான், வேறெங்கே, வடக்கே, அந்தச் சேற்றுக் கரையில் கிராமம் கிராமமாக. இடது கட்டைவிரலில் உளி பட்ட குறுக்குத் தழும்பு என்று அடையாளம் சொல்லவேண்டும். தழும்பு எத்தனை மாதம் நிற்கும் மண்ணில். வேண்டாம். நிழலைப் பார். நிழல் நன்றாகச் சுருங்கியிருந்தது, இன்னும் மேற்குக் கோட்டுக்குத் தெற்கேதான் இருந்தது. முன்னைவிட அதிகமாகவோ? கண் சோர்வு. சிறுவயதில் பெய் அவர் நிழலை மிதிக்கவென்றே பின்னால் ஓடிவருவான். “அண்ணா, உன் தலையை மிதிச்சுட்டேன்.” உச்சிவேளையில் மட்டும் மிதிக்க முடியாமல் நிழல் காலடிக்குள் ஒளிந்துகொள்ளும், அப்போது அழுவான். நிழல் இன்னும் தாண்டவில்லை. இந்நேரம் தாண்டியிருக்கவேண்டும்.

“ஐயா ரொம்ப நேரமா அசையாம இருக்கீங்க” என்றது ஒரு குரல். மாலுமி ஆரூரன். நாகப்பட்டினத்துக்காரன், இருபது ஆண்டாகச் சீனத் துறைமுகங்களில் கப்பல் ஓட்டுகிறவன், அவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தவன். சீனத்தை வெற்றிலை மெல்லுகிற மாதிரி ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பேசுவான். ஒரு கையில் இளநீர் கொண்டுவந்திருந்தான். “குடிங்க. நிழல் எங்கயும் ஓடிறாது.” பிறகு கல்லைப் பார்த்தான், நிழலைப் பார்த்தான், மறுபடி கல்லைப் பார்த்தான். “ஏங்க, கல்லு வடக்கால கிடக்கு?” அந்தக் கேள்வி காதில் விழுந்த கணத்தில், கப்பலில் வந்த ஒரு மாலை முழுசாகத் திரும்பி வந்தது, பாயின் சத்தமும் கருவாட்டு வாடையுமாக. அன்றைக்கும் இவன் சொன்னான், பேச்சுவாக்கில், கயிறு திரித்துக்கொண்டே. “எங்க ஊர்ல ஆனி மாசம் மத்தியானம் நிழல் தெற்கால விழும். கொல்லைப்பக்கம் விழுற நிழல் வாசப்பக்கம் வந்துரும். எங்கம்மா வடகத்த இடம் மாத்திக் காயவைப்பாங்க.” அவர் தலையாட்டினார், மரியாதையாக. ஏனென்றால் அது அவருக்குத் தெரியும். பத்தொன்பது வயதில், தேர்வுக்காக, தூரிகையின் நுனி நடுங்காமல் எழுதிய வரி: தொலைதெற்கில் மக்கள் சூரியனைப் பார்க்க வடக்குக் கதவைத் திறப்பர். எழுதினார், தேறினார், முப்பது ஆண்டு பிறருக்குச் சொல்லியும் கொடுத்தார். வாய்க்குத் தெரிந்தது, தூரிகைக்குத் தெரிந்தது. கல்லைப் பதிக்கிற நாளில் கை வடக்கே போயிற்று. ஆயிரம் ஆண்டாக, அதற்கும் முந்தி ஆயிரம் ஆண்டாக, அளவுக்கல் வடக்கேதான் போகும். ஏன் என்று கை கேட்கவில்லை. பேரரசர் தெற்கு நோக்கி அமர்வார், குடிமக்கள் வடக்கு நோக்கி வணங்குவார்கள், உலகத்து நிழல்கள் எல்லாம் உச்சிப்பொழுதில் வடக்கு நோக்கி விழுந்து கிடக்கும், இளவயதில் அது எவ்வளவு அழகான ஒழுங்காகத் தோன்றியது. நிழல் வடக்கே திரும்பப் போவதில்லை. காலையிலிருந்து அது திரும்பவே முயலவில்லை, அவர்தான் அதற்காகக் காத்திருந்தார்.

இளநீர் கையில் கனத்தது. கம்பத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது என்று அவர் முதல்முறையாகப் பார்த்தார். அரையடி மண். அதற்கப்பால் பாறை, உடைந்த படிகளாகக் கடலுக்கு இறங்கும் பாறை. கல்லுக்கு வடக்கே சமதரை முழுக்க வேண்டுமென்று கம்பத்தை மேட்டின் விளிம்பிலேயே நட்டதும் அவர்தான். சரிவில் விழுகிற நிழல் பொய் சொல்லும். மட்டம் இல்லாத இடத்து அளவு அளவே இல்லை. கல்லைப் பெயர்க்க ஒரு நாளாகும், மீண்டும் பதிக்க மூன்று நாள். உச்சிப்பொழுதுக்கு இருப்பது ஓர் ஊதுவத்தி எரியும் நேரம், அதற்கும் குறைவு. நெகுதெய் அங்கே குடையின் கீழிருந்து எழுந்து வந்துகொண்டிருந்தான். அகன்ற முகம், வெயிலுக்கு ஒருபோதும் சுருங்காத கண். தினமும் காலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, வடக்கே பேரரசர் இருக்கும் திசையில் நெற்றி மண்ணில் பட வணங்கவைப்பவன். “என்ன நிழல்காரரே, கல்லு அந்தப் பக்கம், நிழல் இந்தப் பக்கம். தப்பு யார் மேல? சூரியன் மேலயா?” “என் மேல” என்றார் லியான். நெகுதெய் அளவுக்கல்லைப் பார்த்தான். பிறகு தன் காலடியைப் பார்த்தான். அவனுடைய குட்டை நிழலும் தெற்கே நழுவிக்கொண்டிருந்தது. “இது பேரரசருக்கு முதுகு காட்டுதே” என்றான், குரலைத் தாழ்த்தி, நிழலுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல.

ஆரூரன்தான் சொன்னான், மட்டமாக ஒரு பலகை போதாதா என்று. போதும். போதுமே. ஒன்றரை அடி மட்டமான மரம், அடியில் பாறையில் கல் முட்டுக் கொடுத்து. கப்பல் அப்பால் நங்கூரமிட்டு நின்றது, படகு போய் வர நேரமில்லை. மேட்டின் கீழே தீவு மீனவர்களின் மூன்று குடிசைகள், அவற்றின் சுவர் முழுக்கப் பலகை. எட்டு நாளாக அவர் அந்தப் பக்கம் போகவில்லை. வந்த அன்றே பார்த்துவிட்டார், உடைந்த கப்பல் பலகைகள், பனிக்காலக் காற்றும் நீரோட்டமும் வடக்கேயிருந்து தள்ளிக்கொண்டுவந்து கரையில் போட்டவை. சுங் படையின் சிவப்புச் சாயம் சிலவற்றில் இன்னும் தோல் உரிந்த புண்போல இருந்தது. சுற்றுப்பாதையில் நடந்தே எட்டு நாளும் தண்ணீருக்குப் போனார். ஆரூரன் இரண்டே எட்டில் இறங்கி மீனவனிடம் எதையோ சொல்லிச் சிரித்து ஒரு பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். “கதவுங்க ஐயா. திரும்பக் குடுக்கணும், வீட்டுல ஆடு பூந்துரும்.” அதைக் கம்பத்தின் தெற்கே வைத்தார்கள், வெளியே நீண்ட பகுதிக்குக் கீழே கல்லின்மேல் கல்லாக முட்டு. மட்டம், மட்டம் எப்படி. அளவுக்கல்லில் வாய்க்கால் இருக்கிறது, இதில் என்ன இருக்கிறது. பலகையின் ஓரத்தில் நீள ஒரு பள்ளம் இருந்தது, அடுத்த பலகையோடு சேரும் இடத்தில் சணலும் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்து அடைக்கிற பள்ளம். அடைப்பு பெரும்பாலும் பெயர்ந்துபோய் வெறும் வாய்க்காலாகக் கிடந்தது. இளநீரை அதில் ஊற்றினார். அது கடல் பக்கமாக ஓடியது. “தூக்கு.” ஆரூரன் ஒரு சில்லைச் செருகினான். இப்போது கம்பத்தின் பக்கம் ஓடியது. “ஒரு நெல் இறக்கு.” நீர் நடுவே தயங்கியது, இரண்டு பக்கமும் சமமாகப் பரவியது, நின்றது. நின்ற நீரில் துளி வானம் இருந்தது.

அப்போதுதான் ஆணித்தலையைப் பார்த்தார். பலகையின் இந்த முனையில் ஒரே ஒரு ஆணிமேல் அடைப்பு அப்படியே மிஞ்சியிருந்தது, காய்ந்து கல்லாகி, அதன்மேல் ஒரு கட்டைவிரலின் அச்சு. ஒவ்வோர் ஆணியையும் அடைத்து விரலால் அழுத்திவிடுவது கப்பல் தச்சர் வழக்கம், பெய் வீட்டுக் கதவாணியைக்கூட அப்படி அழுத்துவான். அச்சில் கோடுகள் வளையமாக ஓடின, குறுக்கே ஒரு விரிசல். தழும்பா. வெயில் பிளந்த விரிசலா. அவர் தன் கட்டைவிரலை அதில் வைத்தார். பொருந்தியது. யாருடைய விரலும் பொருந்தும், ஆயிரம் கப்பல், ஒவ்வொன்றிலும் ஆயிரம் ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஒருவன் விரல். லட்சம் என்று சொன்னார்களே, வழுக்கிய அந்த எண், அது இப்போது விரலடியில் சொரசொரப்பாக இருந்தது. இவன் என்று சொல்ல முடியாது. இவன் இல்லை என்றும் சொல்ல முடியாது. பலகை மிதந்தது, வடக்கேயிருந்து இவ்வளவு தூரம், தெற்கே, யாரும் வழிகாட்டாமல். பலகை மிதந்தால். இந்த இடத்தில் நினைப்பு ஒரு முள்ளில் மாட்டிய துணிபோல நின்றுவிட்டது, முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. “ஐயா, நிழல்” என்றான் ஆரூரன்.

நிழல் பலகைமேல் ஏறியிருந்தது. ஊரில் உச்சி நிழல் நகர்வது தெரியவே தெரியாது. இங்கே, கம்பம் இவ்வளவு குட்டையாக நிழல் விடுகிற இடத்தில், அது வெறும் கோடாக இல்லாமல் ஓர் உயிராக, மேற்கிலிருந்து தெற்கே கண்ணெதிரே திரும்பியது, தூக்கத்தில் புரளும் குழந்தை மாதிரி. கல்லிலிருந்து நேர் தெற்காகப் பலகைமேல் நீட்டிக் கட்டிய நூல் மெல்லிய கோடாகக் காத்திருந்தது. காற்று நின்றதா, அல்லது அவர் கேட்பதை நிறுத்தினாரா. தலைக்குப் பின்னால், பிடரியில், வடக்கேயிருந்து வெயில் அடித்தது. பிடரியில். வாழ்நாள் முழுக்க முகத்தில் அடித்த உச்சிவெயில். சூரியன் இடம் மாறவில்லை, அது யாருக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அது எங்கே எப்போது நிற்குமோ அங்கேதான் நிற்கிறது. நாம் அதற்கு இந்தப் பக்கம் வந்துவிட்டோம். சூரியனுக்கு இந்தப் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. இங்கே ஆட்கள் இருக்கிறார்கள், ஆடு இருக்கிறது, வடகம் காய்கிறது, எந்தப் பேரரசும் தெற்கே பார்த்து அமர்வதற்கு முன்னாலிருந்தே நிழல் இப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது, யாரும் அளக்காமல். இதே கணத்தில் வடகடல் ஓரத்தில் ஒருவர் தன் நீண்ட நிழலின்மேல் குனிகிறார், அவருக்கு இது தெரியாது; இருபத்தேழு நிழல்களும் ஒரே விளக்கடியில் ஒரே பெரிய உருண்டைமேல் நட்ட குச்சிகளின் நிழல்கள் மாதிரி மனதில் ஒரு கணம் சேர்ந்து தெரிந்தன, சாய்ந்து, சாய்ந்து, சாய்ந்து, கடைசியாக இந்த ஒன்று மட்டும் மறுபக்கம். பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது, அதற்கு அவரிடம் சொல் இல்லை. நூலின் கோடும் நிழலும் ஒன்றாயின. நகத்தால் மரத்தில் கீறினார்.

வெண்கல அளவுகோலை மூன்று முறை வைத்துப் பார்த்தார். ஓரடி, ஒரு விரல், ஆறு நெல். கீறல் விரலச்சுக்கு அரை விரல் தள்ளி விழுந்திருந்தது. ஏட்டை மடியில் விரித்தபோது நெகுதெய் பக்கத்தில் குந்தினான், சீட்டு அவன் கையில் இருந்தது. “வடக்கேன்னு எழுதிடுங்க நிழல்காரரே” என்றான், மிரட்டலாக இல்லை, களைத்துப்போன குரலில். “அதே ஓரடி, அதே ஒரு விரல். இங்க யாரு வந்து பாக்கப்போறா? தெற்கேன்னு எழுதினா, பேரரசர் கொடி பறக்கிற மண்ணுல நிழல் அவருக்கு முதுகு காட்டுதுன்னு அங்க எவனாவது படிப்பான். எனக்கும் கழுத்து ஒண்ணுதான்.” ஒரே ஒரு சொல். சொன்னபடி எழுதினால் சீட்டு இந்தக் கணமே கைக்கு வரும். மறுத்தால் வராமல் போகலாம், யாய்மென் சேற்றில் தேடவேண்டியவன் தேடப்படாமலே கிடப்பான். தூரிகையில் மை கனத்துத் தொங்கியது. நிழல் யாரோடது, அண்ணா? மூன்று ஆண்டாகப் பதில் தேடிய கேள்வி. பேரரசருடையது அல்ல, தோற்றவர்களுடையதும் அல்ல. அது விழுந்த பலகையுடையதுமல்ல. அது எங்கே விழுந்ததோ அங்கே விழுந்தது, அவ்வளவுதான், அதை மாற்றாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சாவியைக் கொடுத்த கை இதையாவது கொடுக்காமல் இருக்கட்டும். “தெற்கே” என்று எழுதினார். பிறகு வாய்விட்டும் சொன்னார். “நீங்க உங்க நித்திய வானத்தை வணங்குறவர். மேல பாருங்க. அதுகிட்டப் போய்த் திருத்தச் சொல்லுவீங்களா?”

நெகுதெய் மேலே பார்த்தான். வடக்கே சற்றுச் சாய்ந்து சூரியன் நின்றிருந்தது, அவன் பேரரசரின் தலைக்கு நேர் மேலே போல. வெகுநேரம் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான். மொட்டையடித்த உச்சந்தலையில் வெயில் பளபளத்தது. “எங்க அப்பா சாகிற வரைக்கும் வானம் ஒரு கூடாரம்னுதான் சொல்லுவாரு” என்றான். “கூடாரத்துக்கு இவ்வளவு தூரத்துல ஓரம் வந்திருக்கணும்.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொப்பியை மாட்டி, தன் முத்திரையை ஏட்டில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே அழுத்தினான். “கழுத்து போனா உங்க தலையில வந்து உக்காருவேன், பாத்துக்குங்க.” வழிச்சீட்டைத் தொடையில் விரித்து, லியானின் தூரிகையை வாங்கிக்கொண்டான். “சொல்லுங்க. எந்த ஊரு? யாய்மென்தானே?”

ஆம் என்று சொல்ல வாய் திறந்தது. மூன்று மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்த ஊர்; வடக்கே, சேறு, கிராமம் கிராமமாக, மண்வெட்டியோடு. அவர் தேடியதெல்லாம் ஓர் உடலை. கல்லைப் பதித்த அதே கைதான் அதையும் வடக்கே வைத்தது, ஏன் என்று கேட்காமல். பலகையைப் பார்த்தார். பள்ளத்து நீர் வற்றத் தொடங்கியிருந்தது. மூழ்கிய கப்பலின் மரம் கதவாகி ஆட்டைத் தடுத்துக்கொண்டிருக்கிறது. சங்கிலியை அறுத்துக்கொண்டு சில கப்பல்கள் புயலில் தெற்கே தப்பின, சம்பா நாட்டுக் கரையில் சீனத் தச்சர்கள் சிலர் இருக்கிறார்கள் என்று கப்பலில் வந்த அதே மாலையில் ஆரூரன் சொல்லவில்லையா? சொன்னான். அதற்கும் மரியாதையாகத்தான் தலையாட்டினார். “தெற்கே” என்றார். “சம்பா.” நெகுதெய் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதினான். ஆரூரன் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “எதிர்க்காத்துங்க ஐயா, நாலு நாள் கூட ஆகும்” என்றான். “ஆகட்டும்.” அவர் எழுந்து கடல் பக்கம் பாறையில் இறங்கினார். உச்சி சாயவில்லை இன்னும். நிழல் அவருக்கு முன்னால் விழுந்தது, சின்னதாக, மிதிக்கிற தூரத்தில், அவர் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் ஒரு பிள்ளை மாதிரி தப்பித் தப்பித் தெற்கே ஓடியது.